அண்ணன் பெயரில் இருந்தவன்

"ஒரே ஒரு வார்த்தம்மா. வந்து நின்னு, இந்த ஆள எனக்குத் தெரியும்னு..."

"வாய மூடு."

"...சொன்னா என்ன? நாக்கு அழுகிப் போயிருமா?"

"அழுகாது. அதுக்குத்தான் இத்தன வருசமா பத்திரமா வச்சிருக்கேன் இந்த நாக்க."

"நான் சொல்றத முழுசாக் கேளு..."

"பஸ்ஸ விட்டு எறங்குனதுலருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அப்பாவுக்கு ஐடி இல்ல, அப்பாவுக்கு வீடு இல்ல, அப்பாவுக்கு யாருமில்ல. யாருடி ஒனக்கு அப்பா?"

"நான் எப்பம்மா அப்பான்னு சொன்னேன்? அவருன்னுதான் சொன்னேன்."

"அவராம் அவரு. மருவாதையப் பாரு."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மழை இல்லாவிட்டாலும் கத்தித்தான் பேசியிருப்பார்கள். செபஸ்தியம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்ந்த உருண்டை அவள் உள்ளங்கையில் படாத பாடு பட்டது. மகள் கிருஷாந்தி கதவு நிலையில் சாய்ந்து, ஒரு கையை இடுப்பிலும் மறு கையை நிறைந்துவரும் வயிற்றிலும் வைத்திருந்தாள். வெலிமடையில், லீக்ஸ் கழுவிக் கட்டும் இடத்தில் அவளுக்கு வேலை. புருஷன் ஜேசன் லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவன். இந்தப் பேச்சுக்காகவே லீவு போட்டுவிட்டு ஊசிமலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள்.

"மண்ணு சரிஞ்சு மேக்கணக்கு லயமே போயிருச்சு. உடுத்துன சாரத்தோட தப்பிச்ச மனுசன்..."

"மண்ண நானா தள்ளிவிட்டேன்?"

"புது வீட்டுக்குப் பேர் எழுதுறாங்க. ஐடி இருந்தாத்தான் எழுதுவாங்களாம். இருந்த ஐடி மண்ணுக்குள்ள. வேற ஒண்ணு தாங்கன்னு போய்க் கேட்டா, அந்தோனிமுத்துங்கறவன் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவனாச்சே, நீ யாருன்னு கேக்குறாங்களாம்."

"கேட்டவங்க வாய்க்குச் சீனி போடணும்."

"ம்மா!"

"என்னாடி ம்மா? நான் கேட்டதத்தான கவர்மெண்டும் கேக்குது. நான் கேட்டப்ப எவன் பதில் சொன்னான்?"

ரொட்டியைத் தகரத்தில் போட்டாள். அது சுடுபட்டு வாசம் கிளம்பியது.

ஊசிமலையில் இது ஒன்றும் புதுக் கதையல்ல. இலங்கைத் தோட்டத்து ஆட்களை அரசாங்கம் திருப்பி அனுப்பக் கப்பல் ஓடிய காலத்தில் இங்கே பாதிப் பேர் இந்தியாவுக்குப் போனார்கள். போனவர்களின் பெயர் வேலையாள் பதிவேடான செக்ரோலில் அப்படியே இருந்தது. பெயரை வெட்டினால் வேலை போகும், வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அதனால் போனவனின் பெயருக்குள் தம்பியோ மச்சானோ மருமகனோ நுழைந்துகொண்டான். காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிடும்போது அந்தப் பெயருக்கு "ஐயா" என்று குரல் கொடுத்தால் போதும். துரைக்குக் கை எத்தனை என்பதுதான் கணக்கு, முகம் யார் என்பது கணக்கில்லை. லயத்தில் ஒரு பெயர், பெரட்டில் ஒரு பெயர் என்று ஆண்கள் வாழ்ந்தார்கள். எல்லாருக்கும் எல்லாருடையதும் தெரியும். யாரும் யாருடையதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அப்படி அண்ணன் அந்தோனிமுத்துவின் பெயருக்குள் போனவன்தான் யேசுரத்தினம். மீசை முளைக்காத வயதில் போனான். அந்தப் பெயரிலேயே அடையாள அட்டையும் எடுத்தான். அவனுடைய சொந்தப் பெயருக்கு எங்கேயும் பதிவு கிடையாது. தாய் மலையில் கொழுந்தெடுக்கும்போது பிரசவித்த பிள்ளை. பூனாகலைக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்ததற்கு மட்டும் ஒரு குறிப்பு உண்டு. இப்போது சாமியார் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். ஆனால் ஞானஸ்நானம் வாங்கிய அந்தக் குழந்தைதான் இந்த ஆள் என்று, அவனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த இரண்டு பேர், சொந்தக்காரர் அல்லாதவர்கள், அதிகாரிகள் தோட்டத்தில் வந்து உட்காரும் நடமாடும் சேவையில் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும்.

"ரெண்டே பேரும்மா. மாடசாமிக் கங்காணி வர்றேன்னுட்டாரு."

"வருவாரு. அவருக்கென்ன."

"இன்னொண்ணு நீ."

"நான் சொந்தமில்லையா?"

கிருஷாந்தி தாயை உற்றுப் பார்த்தாள். பிறகு சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள்.

"சொந்தம்னு எந்தப் பேப்பர்லயும் இல்லையே."

செபஸ்தியம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். விரல் சுட்டிருக்க வேண்டும். உதறக்கூட இல்லை.

*

அந்தப் பேப்பர் கதையும் பெரட்டில் நடந்ததுதான்.

அப்போது செபஸ்தியம்மாவுக்கு இருபத்திமூன்றோ இருபத்திநாலோ. யேசுரத்தினம் பீலிக்கரையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டு, மலையில் அவள் கூடையைச் சுமந்துகொடுத்து, கோயில் திருவிழாவில் கண்ணாடி வளையல் வாங்கிக்கொடுத்து, கடைசியில் பிள்ளையையும் கொடுத்தான். பிள்ளை பிறந்த சமயத்தில் அவனுக்குத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கில் கங்காணியின் மகளைப் பேசி முடித்திருந்தார்கள். பிறப்பைப் பதிய வேண்டும், தகப்பன் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அவன் வரவில்லை. அவள் தாய்க்காரி துரையிடம் முறைப்பாடு சொன்னாள். துரை, "நாளைக்குக் காலைல பெரட்டுக்கு அந்தப் புள்ளைய கூட்டிட்டு வா, கேக்கலாம்" என்றார்.

பச்சைக் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு செபஸ்தியம்மா பெரட்டுக்களத்தில் நின்றாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் மம்பட்டியோடு ஒரு பக்கம், பெண்கள் கூடையோடு ஒரு பக்கம்.

"புள்ளைக்கு அப்பன் ஆரு?" துரை சிங்களவர், தோட்டத்துத் தமிழ் பேசுவார்.

"யேசுரத்தினமுங்க தொர."

"யேசுரத்தினம் ஆரு? முன்னுக்கு வா."

யாரும் வரவில்லை. அவள் கையை நீட்டிக் காட்டினாள். நீட்டிய கைக்கு நேரே நின்றவன், மம்பட்டிப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னான்:

"நான் அந்தோனிமுத்துங்க. செக்ரோலப் பாருங்க தொர. யேசுரத்தினம்னு ஒரு ஆளே இந்தத் தோட்டத்துல இல்லைங்க."

கணக்கப்பிள்ளை செக்ரோலைப் புரட்டினார். இல்லைதான். துரை, பெயர் கூப்பிடும் கங்காணி பக்கம் திரும்பினார். அந்தக் கங்காணிதான் மாடசாமி.

"கங்காணி, உனக்குத் தெரியுமா?"

மாடசாமி தன் கால் பெருவிரலைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வேறு யாருடையதோ பெயரில் நின்றார்கள். ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும். "பேரு கூப்புடுறதுதாங்க எம் வேலை" என்று முணுமுணுத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு எல்லாம் கெட்டது. துரையே சிரித்துவிட்டார். "இல்லாத ஆளோட எப்பிடிப் புள்ள பெத்த?" என்று கேட்டார். பெரட்டு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தானா என்று செபஸ்தியம்மா பார்த்தாள். சிரித்தான்.

பதிவுக்காரர், தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தார். லயத்துப் பிள்ளைகள் கிருஷாந்திக்கு "இல்லாதவன் மக" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் பள்ளிக்கூடம் முடித்து வெலிமடைக்குப் போகிற வரைக்கும் அந்தப் பெயர் கூடவே போனது.

*

மறுநாள் மழை விட்டிருந்தது. மலை முழுக்க ஈரம், அட்டைக்கடி வேறு. செபஸ்தியம்மாவும் லெட்சுமியும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து பாரமாக இருந்தது.

"மதினி, ஒங்க ஆளு நேத்து எங்க காம்பராவுக்கும் வந்துச்சு."

"எங்க ஆளா?"

"சரி சரி, ஊரு ஆளு. எங்க வீட்டு மனுசன் கதவே தொறக்கல. தாய்மாமன் பேர்ல பேர் போட்ட மனுசன் எந்த மூஞ்சியோட சாட்சி சொல்லும்? அவன் பேரக் கிண்டுறவங்க எம்பேரையும் கிண்டுவாங்கன்னு போர்வைய இழுத்துப் போத்திக்கிருச்சு."

"அன்னைக்கும் இந்தப் போர்வையத்தான எல்லாரும் போத்திக்கிட்டீங்க."

"நான் அப்ப இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டே வரல மதினி."

"ஒன்னச் சொல்லல."

"எல்லாக் காம்பராவும் ஏறி எறங்கியாச்சு. ஒருத்தரும் மாட்டேங்குறாங்க. இந்த வயசாளுகள்ல பேரு சுத்தமா இருக்கிறது ரெண்டே பேராம். கங்காணியாரு ஒண்ணு, நீங்க ஒண்ணு."

"நான் பொம்பள. எம்பேர எவன் இரவல் கேப்பான்? எனக்கே அது வேணாம்னு இருந்துச்சு."

லெட்சுமி சிரித்தாள். சிரித்துவிட்டுக் கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் எறிந்தாள்.

"நானா இருந்தா எம்புட்டு சந்தோசப்படுவேன் தெரியுமா? மேக்கணக்குல கங்காணி மருமகன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்ச ஆளு. பொஞ்சாதி செத்து, மகன் கொழும்புல எங்கயோ, வீடு மண்ணுக்குள்ள. இப்ப ஒங்க வாசல்ல வந்து நிக்கப்போவுது. கால்ல விழுகட்டும், பாத்து ரசிங்க."

"விழுந்தா எங்காலுதான் அழுக்காகும்."

"அப்பறம் என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

செபஸ்தியம்மா மட்டக்கம்பை எடுத்துச் செடியின் தலையில் குறுக்கே வைத்தாள். கம்புக்கு மேலே தலை நீட்டிய கொழுந்தையெல்லாம் ஒரே சீராகக் கிள்ளினாள்.

"எனக்குப் பெரட்டு வேணும்" என்றாள்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. ஒம் பக்கம் முத்தலையும் சேத்து எடுக்கிற, பாத்து எடு."

கீழேயிருந்து கணக்கப்பிள்ளை கத்தினான். "அங்க என்னா ரெண்டு பேரும்? கத பேசியே கொழுந்து முத்திப்போச்சு!"

"ஒங்க கதையத்தான் பேசுறோம் ஐயா, வந்து கேளுங்க!" என்று லெட்சுமி திருப்பிக் கத்தினாள். மலை முழுக்கச் சிரிப்பு ஓடியது. செபஸ்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

*

அன்றைக்குப் பொழுது சாயும் நேரம், மறுபடி மழை பிடித்தபோது, அவன் வந்தான். யாரோ உதவிக்குக் கொடுத்த ஜாக்கெட், தோள் இரண்டும் தொங்கியது. காலில் அளவு தப்பிய றப்பர் சப்பாத்து. இஸ்தோப்புத் திண்ணைக்கு வெளியே, கூரைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டில் வந்து நின்றான். ஒரு அடி உள்ளே வைத்தால் நனைய மாட்டான். வைக்கவில்லை.

"யாரு?" செபஸ்தியம்மா உள்ளே இருந்தபடியே கேட்டாள்.

"நாந்தான்."

"நாந்தான்னு இந்த லயத்துல யாருமில்ல."

"செபஸ்தி..."

"பேரு என்னா?"

"ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது எங்கிட்ட இருக்கட்டும். வாசல்ல நிக்கிற ஆளு பேரக் கேக்குறேன்."

"யேசுரத்தினம்."

"காதுல விழுகல."

பக்கத்துக் காம்பராவில் டீவிச் சத்தம் குறைந்தது. அவன் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலை உயர்த்திச் சொன்னான். "யேசுரத்தினம்."

அவள் வெளியே வந்தாள். இத்தனை கிட்டத்தில் அவனைப் பார்த்து எவ்வளவு காலம். தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, ஒரு பக்கத்துப் பல் போய்விட்டிருந்தது.

"மேக்கணக்குல அந்தோனிமுத்துன்னு ஒரு ஆளு இருந்துச்சே. கங்காணி மகளக் கட்டி, கங்காணி வேலையும் பாத்துச்சு. அது எங்க?"

"மண்ணோட போயிருச்சுன்னு நெனச்சுக்க."

"நெனச்சுக்கிறேன்."

"நான் செஞ்சது பெரிய பாவம் செபஸ்தி. ஆனா அன்னைக்கு நாந்தான்னு நான் சொல்லியிருந்தா, அந்த நிமிசமே அண்ணன் பேர வெட்டியிருப்பாங்க. எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்துச்சு. என்னோட சேந்து எத்தன குடும்பம் ரோட்டுக்கு வந்திருக்கும்?"

"சரி."

"மேக்கணக்குலயும் பேசி முடிச்சிட்டாங்க..."

"சரிங்குறேன்ல. பெரட்டுல சொல்ல ஏலல. அப்பறம் ஒரு நாளு, பீலிக்கரையில, ஒரு ஈ காக்கா இல்லாத நேரம் வந்து சொல்லியிருக்கலாமே? செபஸ்தி, நாந்தாண்டின்னு. எனக்கு மட்டும். ஏன் சொல்லல?"

கூரைத் தண்ணீர் ஜாக்கெட் கழுத்துக்குள் இறங்கியது.

"இந்தப் புள்ளைக்கு மஞ்சக்காமால வந்து தூக்கிக்கிட்டு ஓடுனேன், ஞாபகம் இருக்கா? மேக்கணக்கு ரோட்டுல நீதான் லொறிய மறிச்ச. ட்ரைவரு ‘யாரு, ஒங்க சொந்தமா?’ன்னு கேட்டான். நீ என்ன சொன்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லு. எனக்கு ஞாபகம் இருக்கு. ஒனக்கும் இருக்கும்."

"தோட்டத்து ஆளுன்னு சொன்னேன்."

"ஆங். தோட்டத்து ஆளு."

கிருஷாந்திக்குத் தாங்கவில்லை. பீங்கானில் ரொட்டியும் கட்டச் சம்பலும், ஒரு கோப்பையில் பால் விடாத வெறுஞ்சாயமும் எடுத்துக்கொண்டு வந்தாள். தாய் தடுப்பாள் என்று பயந்தபடி நின்றாள்.

"குடு. உள்ள வந்து குந்திச் சாப்புடட்டும். பட்டினியா இருக்கிறவனப் பாத்து எனக்கென்ன வருது?"

அவன் உள்ளே வந்து பலகைக்கட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டான். பல் இல்லாத பக்கம் விட்டு மறுபக்கம் மென்றான். கிருஷாந்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இருப்பது போலவே அவனுக்கும் சுண்டுவிரல் வளைந்திருந்தது.

"ஐடி வந்தா, என்னோட பொறப்புச் சான்றுல கையெழுத்துப் போடுவீங்கதான?"

"ஐடி வந்த அன்னைக்கே பதுளைக்குப் போய்ப் போடுவோம் புள்ள. அந்தக் கோட்ட எடுத்துட்டு எம்பேரப் போட்டுருவோம். மாதா மேல சத்தியம்."

"ஐடி இல்லாம போட ஏலாதா?"

"நான் யாருன்னே தெரியாதப்ப எங்கையெழுத்த எவன் எடுப்பான்?"

செபஸ்தியம்மா அடுப்புக் கட்டையை உள்ளே தள்ளினாள். புகை கிளம்பிக் கண்ணை எரித்தது.

"நான் வர்றேன்" என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வர்றேன்னுதான் சொன்னேன். ஆனா ஒண்ணு. வெள்ளனையே போய், ஆளுக வர்றதுக்கு முந்தி காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிக்கிட்டு வர ஏலாது. பெரட்டுக்களம் நெறஞ்சிருக்கணும். மலைக்குப் போறவங்க, ஸ்டோருக்குப் போறவங்க, எல்லாரும் இருக்கிறப்பதான் நான் வருவேன்."

"எதுக்கு செபஸ்தி?"

"நான் நின்னப்ப எல்லாரும் இருந்தாங்க."

அவன் பீங்கானை வைத்துவிட்டு எழுந்து அவள் காலை நோக்கிக் குனிந்தான்.

"நிமிரு. அங்க வந்து நில்லு, போதும்."

அவன் போன பிறகு கிருஷாந்தி தாயின் தோளில் சாய்ந்து அழுதாள். "எனக்குத் தெரியும்மா ஒம்மனசு."

"என்னாத் தெரியும் ஒனக்கு? அந்தப் பேரு இல்லாம ஒனக்கு எதுல கொற வச்சேன்? சப்பாத்து வாங்கித் தரலியா? படிக்க வைக்கலியா?"

"ஒரு கொறையும் வைக்கல. ஆனா ஐடி எடுக்கப் போனேன், கோட்டுல வெரல வச்சு இது என்னான்னு கேட்டாங்க. பேங்குல கேட்டாங்க. கலியாணப் பதிவுல ஜேசன் வீட்டாளுக முன்னுக்கே கேட்டாங்க. நாளைக்கு இந்தப் புள்ளையும் கேக்கும். நீ பெரட்டுல ஒரு நாளுதாம்மா நின்ன. நான் போற எடமெல்லாம் நின்னேன்."

செபஸ்தியம்மா மகளின் தலையை மெல்ல நகர்த்திவிட்டு, பீங்கானை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினாள்.

*

நடமாடும் சேவைக்குப் பெரட்டுக்களத்தில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கி, வயர் இழுத்துக் கொம்பியூட்டர் வைத்திருந்தார்கள். மண்ணில் பறிகொடுத்தவர்கள் பலர். கல்யாணச் சான்று போனவர்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்று போனவர்கள், தங்கள் பெயரைத் தவிர எல்லாமே போனவர்கள். மலைக்குப் போகவிருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

சத்தியக் கடதாசி எழுதுகிற மேசையில் இருந்தவர் றிப்கா, பிரதேச செயலகத்து உத்தியோகத்தர். தலையை மூடிய துணியின் ஓரம் தூறலில் நனைந்திருந்தது. பக்கத்தில் கிராம சேவகர். அவருக்குச் சிங்களத்தில் சொல்வதும் இவர்களிடம் தமிழில் கேட்பதும் றிப்காவின் வேலை.

செபஸ்தியம்மா கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையில் வந்திருந்தாள். கிருஷாந்தி குடை பிடித்திருந்தாள். மறு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட தன் பிறப்புச் சான்று.

"அதை எதுக்கு இன்னைக்கே கொண்டாந்த?" என்று லெட்சுமி கேட்டாள்.

"சும்மா. கையில இருக்கட்டும்னு."

முதலில் மாடசாமி. கண்ணில் வெள்ளை படர்ந்து, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"இவரைத் தெரியுமா ஐயா?"

"தெரியுங்க மிஸ். யேசுரத்தினம். இவங்கம்மா இவனப் பெத்தப்ப நாந்தான் கீழ ஓடிப்போய் ஆள் கூட்டியாந்தேன்."

"அப்ப, செக்ரோல்ல இவர் பேரு அந்தோனிமுத்து எண்டுதானே இருந்திருக்கு?"

"ஆமாங்க. அண்ணன்காரன் பேரு. நான் அந்தோனிமுத்துன்னு கூப்புடுவேன், இவன் ஐயாம்பான்."

"அப்ப உங்களுக்கு அந்த நாளையிலயே தெரியும்?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"யாரும் கேக்கலைங்களே மிஸ்."

"கேட்டாங்க மாமா" என்று பின்னாலிருந்து செபஸ்தியம்மா சொன்னாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் கூடாரத்துக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மாடசாமியின் கை பேரனின் தோளைத் தேடியது. கடதாசியில் பெருவிரல் வைக்கும்போது மை தவறி மேசையில் பட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்கள்.

ஓரமாக நின்ற வயதான ஆண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். ஆனால் போகவில்லை. லெட்சுமியின் புருஷன் வேலித்தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"அடுத்த சாட்சி. செபஸ்தியம்மா."

அவள் எழுந்து போனாள். கதிரை காட்டினார்கள். உட்காரவில்லை.

"நிண்டே சொல்றீங்களா? சரி. ஐடியத் தாங்கம்மா."

முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சுத்தமான அட்டை. பெயர், பிறந்த இடம் எல்லாம் கொம்பியூட்டரோடு ஒத்துப்போனது. கிராம சேவகர் தலையை ஆட்டினார்.

"எவ்வளவு காலமா இந்தத் தோட்டத்தில?"

"பொறந்ததுலருந்து மிஸ்."

"வேற எங்கயும் போய் இருக்கல்லையா?"

"இல்லைங்க. இந்தப் பெரட்டுக்களத்துலதான் நின்னேன், எந்நாளும்."

"பயப்பட வேணாம். கேக்கிறதுக்குப் பதில் சொன்னாச் சரி. நீங்க சொல்றத வச்சுத்தான் நாங்க மேல அனுப்புவோம். ரெண்டாவது சாட்சி இல்லாட்டி இவருட விசயம் இதோட நிண்டிரும், வெளங்குதா?"

"நல்லா வெளங்குது மிஸ்."

றிப்கா அவனைக் காட்டினார். அவன் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றான். உதடு காய்ந்திருந்தது.

"இவர் தன்ட பேரு யேசுரத்தினம், சின்னதிலயிருந்து இந்தத் தோட்டத்து ஆள் எண்டு சொல்றார். நீங்க..."

"மிஸ், கொஞ்சம் சத்தமாக் கேளுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்காது."

றிப்கா ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, கூடாரத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார்.

"யேசுரத்தினம் எண்ட ஆள உங்களுக்குத் தெரியுமா?"

பெண்கள் பக்கத்தில் கூடைகள் உரசுவது நின்றது. கிருஷாந்தி குடையைத் தாழ்த்தி, பிளாஸ்டிக் உறையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ம்மா" என்றாள், வெறும் உதட்டசைவாக. செபஸ்தியம்மா அதைப் பார்த்தாள். வளைந்த அந்தச் சுண்டுவிரலையும் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் கலைந்தது. லெட்சுமி, அழப்போகிறாள் என்று நினைத்தாள்.

"சொல்லு செபஸ்தி" என்றான் அவன்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் முகத்தின் ஈரத்தைத் துடைத்து, கையைக் கட்டி, மிகவும் பணிவாகச் சொன்னாள்:

"செக்ரோலப் பாருங்க மிஸ். யேசுரத்தினம்னு ஒரு ஆளே இந்தத் தோட்டத்துல இல்லைங்க."